ஒன்று இருபதுக்கு உச்சிப்பொழுது

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ் வடுகபட்டியில் நின்றது. கஸ்தூரி இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தரையில் வைத்து நிமிரக்கூட இல்லை; பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, மடியிலிருந்து ஒரு ஜாதக நோட்டை உருவி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“நம்ம வேலுச்சாமி மகதானே ஆத்தா நீ? மெட்ராசுல நட்சத்திரப் படிப்புப் படிக்கிறியாம்ல. எம் மகனுக்குக் கல்யாணம் எப்பக் கூடி வரும்னு பார்த்துச் சொல்லு.”

“நான் படிக்கிறது சோசியம் இல்லைங்க.”

“நட்சத்திரம்னாக?”

“நட்சத்திரம்தான். ஆனா சோசியம் இல்லை.”

“அப்ப அதைப் படிச்சு என்ன புண்ணியம்?” என்று கேட்டுவிட்டு அவர் நோட்டை மறுபடியும் மடியில் சொருகிக்கொண்டு மூட்டைக்கே போய்விட்டார்.

இரண்டு வருஷமாக இதே கூத்துதான். லீவுக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கட்டங்களோடு வந்து நிற்பார். அவள் படிப்பது பி.ஏ. கணிதம், அதில் வானவியல் ஒரு பாடம், அவ்வளவுதான். வகுப்பில் ஐந்து பெண்கள். தூரதர்சினிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தது இரண்டே தடவை. மற்ற நாளெல்லாம் நட்சத்திரத்தைப் பார்த்ததைவிட லாகரிதம் அட்டவணையைப் பார்த்ததுதான் அதிகம். எந்த ஊரில் சூரியன் எப்போது உச்சிக்கு வரும், கடிகாரம் ஏன் சூரியனோடு ஒத்துப்போவதில்லை, இந்த மாதிரிக் கணக்குகள். கணக்கு நோட்டில் ரப்பர் போடக்கூடாது என்பது பேராசிரியை அம்மாளின் சட்டம். எண் தப்பென்றால் மேலே ஒரே ஒரு கோடு கிழிக்கலாம்; தப்பான எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அழித்து எழுதினவளை அந்த அம்மாள் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார்.

எரிச்சலோடுதான் வீட்டுப் படி ஏறினாள். உள்ளே போனதும் எரிச்சல் போய் வேறு ஒன்று வந்தது. அக்கா ராஜாத்தி நடுவீட்டில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் யாரோ பிடுங்க வருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ராஜாத்தியைக் குச்சனூரில் கொடுத்திருந்தது. அந்நியத்தில் இல்லை, அப்பாவுடன் பிறந்த பொன்னாத்தாள் அத்தையின் மகன் தவசிக்குத்தான். அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிவிட்டது. வீட்டில் பிரசவம் பார்க்க ஆள் இல்லை என்று அப்பா பெரியகுளத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தை மாதம் பத்தாம் தேதி பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் மாதம் குச்சனூரிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இதோ சித்திரையே பிறக்கப் போகிறது, ஒருத்தரையும் காணோம்.

“என்னக்கா? ஏன் இப்படி இருக்கே?”

“புள்ளைக்குச் சாதகம் கணிச்சாகளாம்டி. தகப்பனுக்கு ஆகாதாம். இது மூஞ்சியை அவுக பார்த்தா ஒரு வருசத்துக்குள்ள அவுக உசுருக்கு…” ராஜாத்தி நிறுத்திக்கொண்டாள். பிறகு மளமளவென்று சொல்லி முடித்தாள். “வர்ற சனிக்கிழமை குச்சனூருக்குக் கொண்டு வரச் சொல்லிருக்காக. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துல இருந்து ஒரு புருசனும் பொஞ்சாதியும் வருவாகளாம். புள்ளையில்லாதவுக. அவுக கையில குடுத்துட்டு நான் திரும்பிப் பார்க்காம வீட்டுக்குள்ள போயிரணுமாம்.”

“அப்பா என்ன சொன்னாக?”

“என்ன சொல்லுவாக? அவுக அக்கா சொன்னா அதுக்கு மேல பேச்சு உண்டா?”

கஸ்தூரி பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுத் தோப்புக்கு நடந்தாள். அப்பா வேலுச்சாமி மாமரத்தடியில் நின்று கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது.

“பெத்த புள்ளையத் தூக்கி மலைக்குக் குடுக்கப் போறீகளாமே?”

“எனக்கு மட்டும் ஆசையா ஆத்தா? எங்க அக்காவுக்கு அவன் ஒத்தப் பய. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க அக்காதான் தாலியறுத்து இங்கன வந்து உக்காருவா. அதை யோசிச்சியா?”

“ஆம்பளப் புள்ளையா இருந்தா இப்படிக் குடுத்துருவாகளா? ஆயிரம் பரிகாரம் தேடியிருக்க மாட்டாக?”

 அவருக்குக் கூடை எண்ணிக்கை விட்டுப்போயிற்று. முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து அக்காவிடம் பொரிந்து தள்ளினாள். சனி என்பது ஒரு உருண்டையாம். எண்பது கோடி மைலுக்கு அப்பால் அது பாட்டுக்குச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். குச்சனூரில் தவசி மச்சான் குடியிருக்கிற சந்து அதற்கு எப்படித் தெரியும்? அங்கேயிருந்து குறி பார்த்து ஆளைக் கொல்லுமா? நம்புகிறவர்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

ராஜாத்தி எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விலக்கிவிட்டாள்.

“நீ நம்பாட்டிப் போ. அவுக நம்புறாகல்ல? எம் புள்ளையத் தூக்கிட்டுப் போகப் போறது சனியில்லடி, அவுக. ஒன் படிப்புல இதுக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லு. இல்லைன்னா கத்தாதே, புள்ள முழிச்சுக்கிரும்.”

 மறுநாள் காலையில் கஸ்தூரி முதல் வேலையாக அக்காவிடம் ஜாதகத்தை வாங்கினாள். குச்சனூர்ப் பக்கத்து ஜோசியர் சங்கரலிங்கம் கணித்து எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘உதயாதி நாழிகை பத்து, விநாழிகை இருபத்தைந்து, மீன லக்னம்.’ அதோடு சேர்த்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது: பிறந்த நேரம் காலை பத்து மணி பத்து நிமிஷம்.

சூரிய உதயத்திலிருந்து பத்து நாழிகை இருபத்தைந்து விநாழிகை என்றால் நாலு மணி பத்து நிமிஷம். பத்து பத்திலிருந்து நாலு பத்தைக் கழித்தால் ஆறு. ஆக, மனுஷர் சூரிய உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்.

அட, ஆண்டவனே! கஸ்தூரி எழுந்தே நின்றுவிட்டாள். யுத்தம் என்று சொல்லிச் சர்க்கார் தேசம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து ஒன்றரை வருஷமாகிறது. ஆஸ்பத்திரி, தபாலாபீஸ், தாலுகாக் கச்சேரி எல்லாம் புது மணி. ஊர்க்காட்டில் அதை யார் சட்டை பண்ணினார்கள்? மாடு சூரியனைப் பார்த்துத்தான் காட்டுக்குப் போகிறது, மனுஷனும் அப்படித்தான். போதாததற்கு, சர்க்கார் மணி எங்கோ கிழக்கே இருக்கிற ஒரு கோட்டுக்கு வைத்த மணி. இந்தப் பள்ளத்தாக்குக்குச் சூரியன் அதைவிட இருபது நிமிஷம் தாமதமாகத்தான் வரும். வகுப்பில் இந்தக் கணக்கை இருபது தடவை போட்டிருக்கிறாள். பிள்ளை பிறந்த அன்றைக்கு இங்கே சூரியன் உதிக்கும்போது ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஏழே முக்காலைத் தொட்டிருக்கும்.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. சனி, செவ்வாய் எல்லாம் ஒரு மணி நேரத்தில் எங்கேயும் நகர்ந்துவிடாது. கட்டத்தில் இருந்த இடத்தில்தான் இருக்கும். மாறுவது லக்னம் மட்டும்தான். பிள்ளை பிறக்கிற நேரத்தில் கீழ்வானத்தில் எந்த ராசி எழும்புகிறதோ அதற்குப் பெயர்தான் லக்னம். அது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறிவிடும். லக்னத்திலிருந்து எண்ணித்தான் இது தகப்பன் இடம், இது தாய் இடம் என்று ஜோசியர்கள் பங்கு போடுகிறார்கள். போட்டுப் பார்த்தாள். மீனம் இல்லை. கும்பம். சந்தேகத்துக்கே இடமில்லாமல் கும்பம்.

“அக்கா, கணக்குத் தப்பு! தகப்பன் இடம் மாறிப்போச்சு!” என்று கத்தினாள். ராஜாத்தி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடாமல், வீட்டில் கிடந்த பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களைப் புரட்டி, எண்ணிப் பார்த்தாள். மீன லக்னத்துக்குச் சனியும் செவ்வாயும் ரிஷபத்தில் சேர்ந்து நின்று, நேர் எதிரே ஒன்பதாமிடத்தை, அதாவது தகப்பன் இடத்தை, முறைத்துக்கொண்டிருந்தார்கள். கும்ப லக்னத்துக்கு அதே ரிஷபம் நாலாமிடம். நாலாமிடம் தாய் இடம். அங்கே இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கஸ்தூரி பஞ்சாங்கத்தை மூடி வைத்தாள். தகப்பனுக்கு ஆகாத பிள்ளை என்று பிடுங்க வந்தவர்கள், பெற்றவளுக்கே ஆகாது என்றால் சும்மா விடுவார்களா? அப்போதும் பிடுங்கத்தானே போகிறார்கள்? அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது? இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தைக் கூடுதலாகத் தள்ளிச் சொன்னால் மகர லக்னம் வந்துவிடும், தாயும் தப்பித்தாள், தகப்பனும் தப்பித்தான். பென்சில் கையில்தான் இருந்தது. ஆனால் குச்சனூரில் போய் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு கொம்பை நட்டு நிழலைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும். சூரியன் அவளுக்காக ஒன்றேகால் மணி நேரம் பொய் சொல்லாது. நம்பாத ஒரு சாத்திரத்துக்காகத் தான் கள்ளக் கணக்கு எழுதுவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஜோசியர் தகப்பன் இடத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை அப்பாவைப் பெரியகுளம் தபாலாபீசுக்கு இழுத்துக்கொண்டு போய், அவருடைய பையிலிருக்கும் கடிகாரத்தை அங்கே உள்ள கடிகாரத்தோடு நிமிஷம் பிசகாமல் சரி பண்ணச் செய்தாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டார்கள். சின்னமனூர்வரை பஸ், அப்புறம் மாட்டு வண்டி. ராஜாத்தி வழி முழுக்கப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வந்தாள். கஸ்தூரியின் மடியில் நாலடி மூங்கில் கொம்பு கிடந்தது. அப்பா அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

பொன்னாத்தாள் அத்தை வாசலில் நின்றாள். தம்பியை வா என்றாள், மருமகளைப் பார்த்தாள், பிள்ளை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. தவசி மச்சானைக் காணோம். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாராம். ஆறடி ஆம்பிளை, ஏர் பிடித்தால் காளை மிரளும்; மூன்று மாதக் குழந்தைக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். வேப்ப மரத்தடியில் வண்டன்மேட்டுத் தம்பதி. அந்தப் பெண் புதுத் துணி ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் கோபப்படக் கஸ்தூரியால் முடியவில்லை. ஊரில் பேர்போன சனீஸ்வரன் கோயில் உண்டு; ஆனால் கோயிலுக்கும் இந்தக் காரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாம் அத்தை வகுத்த ஏற்பாடு.

சங்கரலிங்கம் ஜோசியர் பாயில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசிருக்கும். நெற்றி நிறைய விபூதி, பக்கத்தில் ஏட்டுக் கட்டும் சோழிப் பையும்.

“சோசியரே, உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு வரும்?” எடுத்த எடுப்பில் கேட்டாள் கஸ்தூரி.

“இதென்ன கேள்வி தாயி? பன்னெண்டு மணிக்கு.”

“உதயம்?”

“ஆறு மணி. மார்கழி, தையில ஒரு கால் மணி முன்னப்பின்ன இருக்கும். அதனால ராசி மாறாது.”

“அப்பச் சரி. எங்க அப்பாகிட்டச் சர்க்காரு மணி வச்ச கடியாரம் இருக்கு. அது பன்னெண்டு அடிக்கிறப்பச் சூரியன் தலைக்கு மேல வருதான்னு பாருங்க. வந்தா, நீங்க சொன்னபடி நடக்கட்டும். நான் வாயைத் தொறக்க மாட்டேன்.”

“என்னடி இது, வந்ததும் வராததுமா வாசல்ல கொம்பு நடுறே? எழவு வீடா இது?” அத்தை பாய்ந்து வந்தாள். “ஏலே வேலு, ஒன் மகளை மெட்ராசுக்கு அனுப்பாதேன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல?”

“நடட்டும் ஆத்தா, பார்ப்போம்” என்றார் ஜோசியர். “நிழலு பார்க்கிறதுல தப்பில்ல.”

கஸ்தூரி ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கொம்பு எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும்படி நட்டாள். மண் சுட்டது. எல்லோரும் இறவாரத்து நிழலில் ஒண்டி நின்றார்கள். அப்பா கடிகாரத்தைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஆயிற்று. நிழல் மேற்கே ஒன்றரை அடிக்கு நீட்டிப் படுத்திருந்தது.

ஜோசியரின் புருவம் ஏறியது. கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டரை. நிழல் பாதியாகக் குறைந்து கிடந்தது. ஒரு மணி. இன்னும் நாலு விரற்கடை மிச்சம். கதவுக்குப் பின்னாலிருந்து, “என்னம்மா ஆச்சு?” என்று மச்சான் குரல் கொடுத்தார். “இருடா” என்று அத்தை அதட்டினாள். ராஜாத்தி மட்டும் கொம்பைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு நிழல் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் இந்த ஊருக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் என்பதைக் கஸ்தூரி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கொம்பின் காலடியில் மண் வெளேரென்று இருந்தது.

ஜோசியர் எழுந்து வெயிலுக்கு வந்தார். கொம்புக்குப் பக்கத்தில் நின்று தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

“யுத்தத்துக்குத் தள்ளி வச்ச மணி” என்றாள் கஸ்தூரி. “ஒரு மணி நேரம் அது. இருபது நிமிசம் நம்ம ஊருக்கு உள்ள வித்தியாசம். நர்சு எழுதினது அந்த மணி. நீங்க எண்ணினது சூரியனோட மணி.”

“அட கிரகசாரமே!” ஜோசியர் தலையில் கை வைத்தார். மூடி மறைக்கிற ஆள் இல்லை அவர். “நாப்பது வருசமா நிழலை அடியால அளந்துதான் தாயி நேரம் எழுதுறேன். எங்கிட்டக் கடியாரமே கிடையாது. அச்சடிச்ச சீட்டுல மணி எழுதி வந்துச்சேன்னு அதை நம்பிட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.”

 ஜோசியர் பாயில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பினார். கூட்டினார், கழித்தார். உதடு முணுமுணுத்தது. கும்பம் என்றார். அவள் நோட்டில் இருந்ததேதான்.

“தகப்பனுக்கு?” அத்தை பாயருகே வந்து குனிந்தாள்.

“தகப்பன் இடத்துல ஒரு குத்தமும் இல்லை. தவசிக்குத் தீர்க்காயுசு. புள்ள மூஞ்சியத் தாராளமாப் பார்க்கலாம்.”

அதோடு நிறுத்தும், அதோடு நிறுத்தும் என்று கஸ்தூரியின் மனசு அடித்துக்கொண்டது. ஜோசியர் நிறுத்தவில்லை. கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி யோசித்தார்.

“ஆனா…”

“என்ன ஆனா?” என்றாள் அத்தை.

“நாலாமிடத்துல சனியும் செவ்வாயும் கூடிக் கெடக்கு. மாதாவுக்குத்தான்… மாதா உசுருக்கு…”

கஸ்தூரி நோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்ன பேச வேண்டும் என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தாள். சாத்திரமே பொய் என்று கத்துவதா, காலில் விழுவதா, அக்காவையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதா, எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

“ஆத்தாளுக்குத்தானே!” பொன்னாத்தாள் அத்தை மார்பில் கையை வைத்து மூச்சை விட்டாள். “ஏன்யா, இதைப் போயி இப்படி இழுத்து இழுத்துச் சொல்றீரு? எம் மகனுக்குத்தான் வேற என்னமோன்னு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. ஏலே தவசி, வெளிய வாடா! ஒனக்கு ஒண்ணுமில்லடா!”

கதவு திறந்தது. மச்சான் சிரித்துக்கொண்டே வந்தார். அத்தை ராஜாத்தியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, கன்னத்தைக் கிள்ளி முத்தி, “எங்கப்பன் மூக்கு அப்படியே இருக்குலே!” என்று மகனிடம் நீட்டினாள். அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே யாரையோ கூப்பிட்டு இலை போடச் சொன்னார்கள்.  வேப்ப மரத்தடியில் இருந்த பெண் புதுத் துணியைப் பைக்குள் வைத்துவிட்டுப் புருஷனோடு எழுந்து நடந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவர்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

கஸ்தூரி ஜெயித்துவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. இலைக்கு முன்னால் போய் உட்கார மட்டும் அவளால் முடியவில்லை.

“அத்தை” என்றாள். “இப்ப அவர் என்ன சொன்னாருன்னு காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு, விழுந்துச்சு. நீ கெட்டிக்காரிதான், ஒத்துக்கிர்றேன். வா, சாப்பிடு.”

“அக்கா உசுருக்கு ஆகாதுன்னு சொன்னாரு. மச்சான் உசுருக்கு ஆகாதுன்னதும் பாலு குடிக்கிற புள்ளைய மலையேத்தத் துணிஞ்சீக. வீடே எழவு விழுந்த மாதிரிக் கெடந்துச்சு. இப்ப எங்க அக்கான்னதும் எல போடுறீக!”

“ஏண்டி, ஒனக்கு என்னதான்டி வேணும்?” அத்தைக்கு உண்மையாகவே புரியவில்லை. “புள்ளையக் குடுக்கக் கூடாதுன்னுதானே கொம்பைத் தூக்கிட்டு வந்தே? குடுக்கலை. அப்புறம் என்ன? பொம்பளைக்கு ஆயிரம் கண்டம் வரும் போகும். நான் பெத்த ஒம்பதுல எத்தனை தடவை செத்துப் பொழைச்சேன்? எனக்கு எவன் சாதகம் பார்த்தான்?”

 ராஜாத்தி வந்து கஸ்தூரியின் முழங்கையைப் பிடித்தாள். “சும்மா இருடி, ஒனக்குக் கோடிப் புண்ணியம். எம் புள்ள எங்கிட்ட இருக்கு. எனக்கு அது போதும்.” அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்க்கப் பார்க்கக் கஸ்தூரிக்குக் கோபம் இன்னும் பொங்கியது. அக்காவை அறையலாம் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அப்பாவிடம் போனாள். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்களாவது கேளுங்க. ஒங்க மக அவ. பரிகாரம் ஏதாச்சும் உண்டான்னு ஒரு வார்த்தை கேளுங்க.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் அவளுக்கே கேட்டது. பரிகாரமாம்! எண்பது கோடி மைலுக்கு அப்பால் சுற்றுகிற உருண்டைக்கு! அவள் நம்பவில்லை, ஒரு துளிகூட நம்பவில்லை. ஆனால் இங்கே நம்புகிறவர்கள் இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருத்தருக்காவது ராஜாத்திக்காகப் பயம் வர வேண்டாமா? ஒரு முகமாவது வாட வேண்டாமா?

“அது கெடக்கட்டும் ஆத்தா” என்றார் அப்பா, கனிவாகத்தான். “வந்த காரியம் நல்லபடியா முடிஞ்சுச்சு. இன்னும் எதையாச்சும் கிளறி விட்டுறாதே. வா, எல போட்டாச்சு.”

அவர் உள்ளே போய்விட்டார். மச்சான் பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி பாயருகே வந்து நின்றாள். ஜோசியர் சோழிகளைப் பைக்குள் போட்டு, ஏட்டுக் கட்டுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

“சோசியரே, நீங்க சொல்லுங்க. எங்க அக்காவுக்கு என்ன பரிகாரம்?”

அவர் கயிறு சுற்றுவதை நிறுத்தினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று கொம்படியிலேயே தெரிந்துவிட்டது. சங்கடத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“தகப்பனுக்குன்னா ஏழெட்டுப் பரிகாரம் மனப்பாடமாத் தெரியும் தாயி. ஆத்தாளுக்கு என்னன்னு இந்த நாப்பது வருசத்துல எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது.”